வீட்டிலிருந்தே லாரி புக்கிங் தரகு: டெல்டாவில் பகுதி நேரமாகத் தொடங்க முடியுமா?

பாமணியாறு (மன்னார்குடி)

அனைவருக்கும் வணக்கம். மன்னார்குடியை அடுத்த ஓர் ஊரில், தனியார் உரக்கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் கடைக்கு உரம் இறக்க வரும் லாரிகளில் பெரும்பாலானவை காலியாகத்தான் திரும்புகின்றன. ஓட்டுநர்கள், "இங்கிருந்து ஏதாவது லோடு கிடைக்குமா?" என்று கேட்டுவிட்டே கிளம்புகிறார்கள். மறுபக்கம், தை, மாசி மாதங்களில் வைக்கோல் வியாபாரிகளும், அநேகமாக ஆண்டு முழுவதும் தேங்காய் வியாபாரிகளும் லாரி அமையவில்லை என்று அதே கடை வாசலில் நின்று பேசுகிறார்கள். இந்த இரு தரப்பையும் சேர்த்துவைக்கும் வேலையை, மாலை ஆறு மணிக்கு மேல் வீட்டில் இருந்தபடி செய்யலாம் என்று தோன்றுகிறது.

இதற்கு முதலீடு எவ்வளவு வேண்டும், உரிமம் ஏதாவது வாங்க வேண்டுமா, கமிஷனை யாரிடம் கேட்பது, வழியில் சரக்கு கெட்டுப்போனாலோ காணாமல் போனாலோ பொறுப்பு யாருடையது என்பவை எனக்குத் தெளிவாக வேண்டும். பெண் ஒருவர் தொலைபேசி வழியாக மட்டும் இந்தத் தொழிலில் நிற்க முடியுமா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் மறைக்காமல் சொல்ல வேண்டுகிறேன்.

குடமுருட்டி (தஞ்சாவூர்)

தங்கைக்கு வணக்கம். தஞ்சாவூரில் நெடுங்காலமாக லாரி புக்கிங் ஆபீஸ் நடத்தி வருகிறேன். உங்கள் கேள்வியிலேயே இந்தத் தொழிலின் அடிப்படை இருக்கிறது. திரும்பிப் போகும் லாரியின் காலியிடம் உங்கள் கண் முன்னால் நிற்கிறது, அதைத் தேடுபவரும் உங்களுக்குத் தெரிந்தவர். பெரிய முதலீடு தேவையில்லை என்பது உண்மை. ஆனால் முதலீடு தேவைப்படாத தொழில்களில்தான் பிறர் பணம் நம் கையில் வந்து தங்கும் ஆபத்து அதிகம். ஆகையால் முதலில் பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கத்தில் நடப்பது இதுதான். சரக்குக்காரர் வாடகை பேசுகிறார். பாரம் ஏற்றியதும் வாடகையில் பெரும்பகுதியை அட்வான்ஸாகக் கொடுக்கிறார், மீதியை இறக்கிய இடத்தில் ரசீது கையெழுத்தானதும் கொடுக்கிறார். தரகர் தமக்குரிய கமிஷனை அட்வான்ஸிலேயே பிடித்துக்கொண்டு மிச்சத்தை லாரிக்காரரிடம் தருகிறார். இந்த வழக்கத்தில் தரகரின் கணக்கு வழியாகவே முழுப் பணமும் ஓடுகிறது. ஆபீஸ் போட்டு, ஆள் வைத்து நடத்துபவருக்கு இது சரியாக வரலாம். மாலை நேரத்தில் மட்டும் தொழில் பார்க்கும் உங்களுக்கு இது வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அட்வான்ஸ் சரக்குக்காரரிடமிருந்து நேராக லாரி உரிமையாளரின் வங்கிக் கணக்குக்குப் போகட்டும், பாக்கியும் அப்படியே போகட்டும். உங்கள் கமிஷனை மட்டும், முன்கூட்டியே பேசிய தொகையாக, தனியே உங்கள் கணக்கில் வாங்கிக்கொள்ளுங்கள். "முதலில் நீங்கள் கொடுத்துவிடுங்கள், நாளை தருகிறேன்" என்று எவ்வளவு நெருங்கிய வியாபாரி கேட்டாலும், முதல் தடவையே மறுத்துவிடுவது நல்லது. ஒரு முறை கொடுத்துவிட்டால் அடுத்த லோடிலிருந்து அது வழக்கமாகிவிடும்.

அடுத்தது, வாடகையை மறைப்பது. சரக்குக்காரரிடம் 24,000 ரூபாய் என்றும் லாரிக்காரரிடம் 21,000 ரூபாய் என்றும் பேசிவிட்டு, இடையிலுள்ள 3,000 ரூபாயோடு கமிஷனையும் சேர்த்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஓட்டுநரும் வியாபாரியும் இறக்குமிடத்தில் ஒருவரோடு ஒருவர் பேசும் நாள் கட்டாயம் வரும். அன்றோடு அந்தத் தரகருக்கு இரு பக்கமும் வழி அடைபட்டுவிடும். இரண்டு பேருக்கும் ஒரே வாடகையைச் சொல்லி, "இதில் என் கமிஷன் இவ்வளவு" என்று வெளிப்படையாகக் கேட்டு வாங்குபவருக்கு ஒரு லோடில் கிடைப்பது குறைவாக இருக்கலாம், ஆனால் அடுத்த லோடுக்கான அழைப்பு அவருக்குத்தான் வரும்.

பருவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-ஆம் தேதி திறந்து தண்ணீர் ஒழுங்காக வந்துவிட்டால், செப்டம்பர், அக்டோபரில் குறுவை அறுவடை நடக்கும். சம்பா அறுவடை தை மாதத்தில் தொடங்கும், அதன் பின்னாலேயே தாளடி (குறுவைக்குப் பின் அதே வயலில் நடும் நெல்) வரும். நேரடி நெல் கொள்முதல் நிலையங்களிலிருந்து மூட்டைகளைக் கிடங்குக்கும் ரயிலடிக்கும் கொண்டுபோகும் வேலை நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் ஒப்பந்த லாரிகளுக்கு உரியது. அதில் புதுத் தரகருக்கு இடமில்லை, அதை எதிர்பார்த்துத் தொழில் தொடங்க வேண்டாம். ஆனால் அதன் விளைவு உங்களைத் தொடும். நெல் இயக்கம் மும்முரமாகும்போது உள்ளூர் லாரிகள் அங்கே போய்விடுவதால் மற்ற சரக்குக்கு வண்டி அரிதாகி வாடகை ஏறுகிறது. அந்த நேரத்தில் வெளியூரிலிருந்து உரம், சிமெண்ட், கோழித் தீவனம், காய்கறி ஏற்றி வந்து காலியாகத் திரும்பும் வண்டிகளை அறிந்து வைத்திருப்பவரே பயன்படுகிறார். அந்த அறிவு ஏற்கெனவே உங்கள் கடை வாசலுக்கு வருகிறது.

அறுவடை முடிந்தபின் வரும் கோடை மாதங்களில் எங்கள் ஆபீஸிலேயே தொலைபேசி மணி குறைந்துவிடும். பேராவூரணி, பட்டுக்கோட்டைத் தேங்காயும், திருவாரூர், கும்பகோணம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் ஏலம் போகும் பருத்தியும், வேதாரண்யத்து உப்பும்தான் அப்போது கைகொடுக்கின்றன. அதனால் உரக்கடை வேலையை விட்டுவிடும் எண்ணம் இருந்தால், குறைந்தது ஓர் ஆண்டின் எல்லாப் பருவங்களையும் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

கோரையாறு (திருத்துறைப்பூண்டி)

சொந்தமாக லாரி வைத்திருப்பவன் என்ற முறையில் சில செய்திகளைச் சேர்க்கிறேன். ஐயா சொன்ன வாடகை விஷயம் முழு உண்மை. லாரிக்காரருக்கு அதைவிடவும் வலிப்பது காத்திருப்பு. காலையில் பாரம் தயார் என்று தரகர் சொல்வார். வண்டி போய் நின்றால், வயலில் வைக்கோலைக் கட்டுக் கட்டும் இயந்திரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், அல்லது சுமைக்காரர்கள் வந்திருக்க மாட்டார்கள். ஒரு நாள் முழுவதும் வண்டி நின்றால் அந்த நாளுக்கான வண்டிக் கடன் தவணையையும் ஓட்டுநர் படியையும் யார் தருவது? ஹால்டிங், அதாவது காத்திருப்புக் கட்டணம், எவ்வளவு என்று வாடகை பேசும்போதே பேசாத தரகரிடம் நான் இரண்டாம் முறை போவதில்லை.

டெல்டாவுக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. எங்கள் ஊர்களில் வயலுக்குப் போகும் வழி வாய்க்கால் கரையை ஒட்டிய குறுகிய சாலையாக இருக்கும், இடையில் பழைய மதகு இருக்கும், தாழ்வான மின்கம்பி இருக்கும். பத்துச் சக்கர லாரி உள்ளே நுழையாது. டிராக்டரில் ஏற்றி மெயின் ரோட்டுக்குக் கொண்டு வந்து, அங்கே லாரிக்கு மாற்ற வேண்டும். அந்த டிராக்டர் வாடகையும் இரட்டை ஏற்றுக்கூலியும் யாருடையவை என்று பேசாமல் வண்டியை அனுப்பிவிட்டு, பிறகு மூன்று பேரும் சாலையோரம் நின்று வாக்குவாதம் செய்வதைப் பல முறை பார்த்திருக்கிறேன். மழைக் காலத்தில் இது இன்னும் மோசமாகும். தரகர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம், தவறில்லை. ஆனால் பாரம் ஏற்றும் இடத்தின் வழியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட வேண்டும்.

வைக்கோல் எடை குறைவு, இடம் அதிகம் அடைக்கும். அதனால் பெட்டிக்கு வெளியே பிதுங்கும்படி ஏற்றச் சொல்வார்கள். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்திய பிறகு, பக்கவாட்டிலோ உயரத்திலோ அளவை மீறிப் பாரம் ஏற்றினால் 20,000 ரூபாய் அபராதம், அதோடு மிகுதியை இறக்கிவைக்க வேண்டும். எடை மிகுந்தால் 20,000 ரூபாயும், மிகும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாயும் உண்டு. மின்கம்பி உரசித் தீப்பிடித்த வைக்கோல் லாரிகளைப் பற்றி நம் மாவட்டங்களில் ஒவ்வொரு பருவத்திலும் கேள்விப்படுகிறோம். "கொஞ்சம் கூட ஏற்றிக்கொள்ளுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று தரகர் ஒருபோதும் சொல்லக் கூடாது.

கேரளத்துக்கு லோடு என்றால் இறக்குக்கூலியை முன்பே பேசுங்கள். அங்கே சுமைத் தொழிலாளர்களுக்கு 1978-ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. கூலி விகிதமும் யார் இறக்குவது என்பதும் ஊருக்கு ஊர் வரையறுக்கப்பட்டிருக்கும். நம் ஊர்க் கணக்கில் நினைத்துக்கொண்டு போனால் ஓட்டுநர்தான் மாட்டிக்கொள்வார். வண்டிக்கு நேஷனல் பெர்மிட் (வேறு மாநிலங்களுக்குச் செல்லும் அனுமதி) இருக்கிறதா என்பதையும் அனுப்பும் முன்பே பார்க்க வேண்டும்.

அரசலாறு (கும்பகோணம்)

வரி ஆலோசகராக இருக்கிறேன். உரிமம், வரி இரண்டையும் பற்றி எழுதுகிறேன்.

சாலை வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007-இல் இயற்றப்பட்டு, 2011 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 1865-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்தது இது. பொதுச் சரக்கு ஏற்றிச் செல்பவர் என்பதற்கு இந்தச் சட்டம் தரும் விளக்கத்தில் சரக்கு புக்கிங் நிறுவனம், ஒப்பந்ததாரர், முகவர் ஆகியோரோடு தரகரும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறார். அந்தத் தொழிலைச் செய்பவர் பதிவுச் சான்று பெற வேண்டும், அது பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 93-ஆம் பிரிவும், சரக்கு வாகனங்களில் செல்லும் பொருள்களைச் சேகரித்து, அனுப்பி, விநியோகிக்கும் முகவருக்கு உரிமம் வேண்டும் என்கிறது. "நான் இரண்டு பேரைத் தொலைபேசியில் அறிமுகப்படுத்துகிறேன், அவ்வளவுதான்" என்று வாதிட இடம் இருக்கலாம். ஆனால் அந்த வாதத்தை நஷ்டம் வந்த நாளில் நீதிமன்றத்தில் சொல்லிப் பார்ப்பதைவிட, தொடங்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு, பதிவு செய்துகொள்வதே மேல்.

பொறுப்பு எப்படி வருகிறது என்பதை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். சரக்குச் சீட்டு, அதாவது எல்ஆர், உங்கள் பெயரில் அச்சிட்டு நீங்கள் வெட்டிக் கொடுத்தால், சரக்கை ஏற்றுச் சென்றவர் நீங்களே என்று ஆகிவிடும். வழியில் வந்த இழப்புக்குச் சரக்குக்காரர் உங்களைத்தான் கேட்பார். பொருளின் மதிப்பைக் கூடுதலாக அறிவித்து அதற்கான கட்டணம் பேசாத நிலையில் அந்தப் பொறுப்பு வாடகையின் பத்து மடங்கு என்ற வரம்புக்குள் இருக்கும். வழக்குப் போடுவதற்கு முன், புக்கிங் தேதியிலிருந்து 180 நாள்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்புத் தர வேண்டும் என்பது சட்டத்தின் நிபந்தனை. நீங்கள் தனியே எல்ஆர் புத்தகம் அச்சிடாமல், ஏற்றிச் செல்லும் லாரி உரிமையாளரோ பதிவு பெற்ற டிரான்ஸ்போர்ட்டோ சீட்டு தரும்படி விட்டுவிடுங்கள். யாருக்காகப் பேசுகிறீர்கள் என்பதையும் மறைக்காதீர்கள். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 230-ஆம் பிரிவின்படி, தாம் யாருக்காகப் பேசுகிறார் என்பதை வெளியிடாத முகவர் தாமே அந்த ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவராகக் கருதப்படலாம்.

ஜிஎஸ்டி: சேவைகளின் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை உங்களுக்குப் பதிவு கட்டாயமில்லை, தாண்டினால் கமிஷன் தொகைக்கு 18 சதவீதம். ஐயா குடமுருட்டி சொன்ன பண ஓட்டம் இங்கேயும் முக்கியமாகிறது. முழு வாடகைக்கும் நீங்கள் உங்கள் பெயரில் பில் போட்டு வாங்கினால், கமிஷன் சிறியதாக இருந்தாலும் விற்றுமுதல் முழு வாடகையாகக் கணக்கிடப்படும் நிலை வந்துவிடும். சரக்குச் சீட்டைத் தம் பெயரில் கொடுப்பவருக்கு ஜிஎஸ்டி சட்டத்தில் தனி விதிகளும் இருக்கின்றன.

வருமான வரி: வணிகர்களுக்கு விற்றுமுதலில் இத்தனை சதவீதம் லாபம் என்று எளிதாகக் காட்டும் வசதி இருக்கிறதல்லவா, கமிஷன், தரகு வருமானத்துக்கு அது பொருந்தாது. ஆகையால் வரவு செலவு எழுதிவைக்க வேண்டும். கணக்கு எழுதுபவர் என்பதால் உங்களுக்கு இது சுமையாக இராது. ஆண்டுக்கு 20,000 ரூபாய்க்கு மேல் கமிஷன் தரும் நிறுவனங்கள் 2 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டே தரக்கூடும்.

பாமணியாறு (மன்னார்குடி)

மூவருக்கும் மிகுந்த நன்றி. இந்த அளவுக்கு விரிவாக எதிர்பார்க்கவில்லை. இரண்டு சந்தேகங்கள் எழுகின்றன. புதிதாக அழைக்கும் லாரிக்காரர் உண்மையானவர்தானா என்று வீட்டில் இருந்தபடி எப்படித் தெரிந்துகொள்வது? இன்னொன்று, உரக்கடைக்கு வரும் லாரிகளைக் கொண்டே நான் தொழில் தொடங்குவது முதலாளிக்குச் செய்யும் துரோகமாகுமோ என்ற தயக்கம் இருக்கிறது.

கல்லணைக்கால்வாய் (பேராவூரணி)

தேங்காய் வியாபாரம் செய்கிறேன். காங்கேயம் பக்கமும் வடமாநிலங்களுக்கும் லோடு அனுப்புகிறோம். கஜா புயலுக்குப் பிறகு, 2018 நவம்பரிலிருந்து, எங்கள் பகுதித் தோப்புகள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். மீண்டு வந்திருக்கும் தோப்பிலிருந்து ஒரு லோடு காய் ஏற்றி அனுப்புகிறோம் என்றால், அதற்குப் பின்னால் இருக்கும் உழைப்பைத் தரகர் உணர்ந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். சரக்கு அனுப்புபவர் என்ற இடத்திலிருந்து உங்கள் முதல் கேள்விக்குப் பதில் சொல்கிறேன்.

வண்டி எண்ணைக் கொண்டு எம்பரிவாகன் என்ற அரசுச் செயலியில் பதிவு, தகுதிச் சான்று, காப்பீடு, பெர்மிட் எல்லாம் நடப்பில் உள்ளனவா என்று பார்க்கலாம். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள், அது போதாது. வேறொரு நல்ல லாரியின் எண்ணைத் தகட்டில் எழுதிக்கொண்டு வந்து பாரம் ஏற்றிப் போகும் கும்பல்கள் இருக்கின்றன. பாரம் ஏற்றும் இடத்தில் இருப்பவர், ஆர்சியில் (வண்டியின் பதிவுச் சான்றில்) உள்ள சேஸிஸ் எண்ணை, அதாவது அடிச்சட்ட எண்ணை, வண்டியில் பொறித்திருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஓட்டுநரை வண்டியோடு நிறுத்திப் படம் எடுக்க வேண்டும், அவருடைய உரிமத்தையும் படம் எடுக்க வேண்டும். உரிமையாளரின் தொலைபேசி எண்ணை ஓட்டுநரிடம் மட்டும் கேட்டு வாங்காமல், அந்த வண்டி வழக்கமாகப் பாரம் ஏற்றும் வேறு ஓர் ஆபீஸில் விசாரித்து வாங்க வேண்டும். அட்வான்ஸ் போகும் வங்கிக் கணக்கின் பெயர் ஆர்சியில் உள்ள பெயரோடு பொருந்த வேண்டும். "உரிமையாளர் ஊரில் இல்லை, டீசலுக்கு இந்த எண்ணில் போடுங்கள்" என்று வேறொருவரின் எண் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். இரவு பத்து மணிக்கு அவசரப்படுத்தும் அழைப்புகளில்தான் இது பெரும்பாலும் நடக்கிறது.

இன்னொன்று. லாரிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது என்பதால் சரக்குக்கும் இருக்கிறது என்று பல வியாபாரிகள் நினைக்கிறார்கள். வண்டியின் காப்பீடு சரக்கை ஈடு செய்யாது. சரக்குக்குத் தனியே காப்பீடு எடுக்க வேண்டும் என்று நீங்களே நினைவூட்டினால், நல்ல தரகர் என்று எங்களைப் போன்றவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வோம்.

வெட்டாறு (திருவாரூர்)

வேறு கருத்து ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். இப்போது லோடு தேடித் தரும் செயலிகள் பல வந்துவிட்டன. ஓட்டுநர் கையிலேயே ஸ்மார்ட்போன் இருக்கிறது. இந்த நிலையில் புதிதாக ஒருவர் தரகில் இறங்குவது, முடியப்போகும் தொழிலில் காலை வைப்பதாகாதா?

குடமுருட்டி (தஞ்சாவூர்)

தம்பி சொல்வதில் ஒரு பகுதி சரி. சென்னைக்கோ பெங்களூருக்கோ நிறுவனங்களின் சரக்கைப் பெரிய லாரியில் ஏற்றும் வேலையில் செயலிகள் நன்றாகவே நுழைந்துவிட்டன, அங்கே சிறு தரகருக்கு எதிர்காலம் குறைவு. ஆனால் எங்கள் பக்கத்து லோடு எப்படிப்பட்டது என்று கோரையாறு எழுதியதைத் திரும்பப் படித்துப் பாருங்கள். எந்த மதகில் எந்த வண்டி போகும், எந்த ஊரில் சுமைக்காரர்கள் மாலை நாலு மணிக்கு மேல் ஏற்ற மாட்டார்கள், எந்த வியாபாரி பாக்கியை இழுத்தடிப்பார், மழை பெய்தால் எந்தக் களத்திலிருந்து வண்டி வெளியே வராது என்பவை எந்தச் செயலியிலும் இல்லை. இவற்றை அறிந்தவருக்குக் கமிஷன் கொடுக்க இரு தரப்பும் தயங்குவதில்லை. செயலியை எதிரியாகப் பார்க்கவும் வேண்டாம். வெளியூரிலிருந்து டெல்டாவுக்கு வரும் வண்டிகளை அதிலேயே தேடி, திரும்பு லோடு பேசும் இளைஞர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள்.

பெண் என்பதைப் பற்றி நேராகச் சொல்கிறேன். தொலைபேசியில் பேசும் தொழிலில் வாடகையும் நேரமும் தெளிவாகப் பேசுபவரை லாரிக்காரர்கள் மதிக்கிறார்கள். கணவரின் தொழிலை ஏற்று நடத்தும் பெண்களை எங்கள் வட்டாரத்தில் அறிவேன், அவர்களிடம் பாக்கி வைக்க எவரும் துணிவதில்லை. சிக்கல் நேரத்தில்தான் இருக்கிறது. வண்டி பழுதாகி நிற்பதும், சோதனைச் சாவடியில் தாள் கேட்பதும் நடு இரவில் நடக்கும். தொழிலுக்குத் தனி எண் வைத்துக்கொள்ளுங்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் புதிய லோடு பேசுவதில்லை, ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கும் வண்டியின் அவசரத்துக்கு மட்டுமே அழைக்கலாம் என்று முதல் நாளிலிருந்தே சொல்லிவிடுங்கள். பகலில் நீங்கள் கடையில் இருக்கும்போது பாரம் ஏற்றும் இடத்தைப் பார்க்க நம்பிக்கையான ஒருவர் தேவை. அப்படி ஒருவர் வீட்டில் இல்லையென்றால், கடை விடுமுறை நாள்களில் ஏற்றும் லோடுகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அரசலாறு (கும்பகோணம்)

முதலாளி பற்றிய தயக்கத்துக்கு என் பதில்: மறைக்காமல் அவரிடம் கேட்டுவிடுங்கள். கடைக்கு உரம் கொண்டுவரும் லாரிக்கு இங்கிருந்தே திரும்பு லோடு கிடைக்கும் என்றால், வரும்போது வாங்கும் வாடகையைக் குறைத்துப் பேச அவருக்கே இடம் கிடைக்கும். அவருக்கு நன்மை தரும் செய்தியாக அதைச் சொல்லலாம். கடை நேரத்தில் தரகு பேசமாட்டேன் என்ற உறுதியையும் சேர்த்தே கொடுங்கள். அவர் மறுத்தால், அவருடைய கடைக்கு வரும் வண்டிகளை விட்டுவிட்டு வேறு இடத்தில் தொடங்குவதுதான் முறை.

இதைப் படிக்கும் அரசு ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை: தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973-இன்படி முன் அனுமதியின்றித் தனியார் வணிகத்தில் ஈடுபட முடியாது. மனைவி பெயரில் நடத்தினால் கேள்வி எழாது என்று எண்ண வேண்டாம்.

வீரசோழன் (மயிலாடுதுறை)

இதுவரை யாரும் தொடாத ஒரு வேலையைச் சொல்கிறேன், இதுவும் வாகனப் போக்குவரத்துத் தரகுதான். சம்பா அறுவடைக்கு ஆத்தூர், பெரம்பலூர் பக்கங்களிலிருந்து நெல் அறுவடை இயந்திரங்கள் நம் மாவட்டங்களுக்கு வருகின்றன. டயரில் ஓடும் இயந்திரமான டயர் வண்டி தானே சாலையில் ஓடி வந்துவிடும். சக்கரத்துக்குப் பதில் பட்டையில் ஊர்ந்து செல்லும் பெல்ட் வண்டி சாலையில் நெடுந்தூரம் ஓட முடியாது, அதை லாரியில் ஏற்றித்தான் ஊருக்கு ஊர் நகர்த்த வேண்டும். ஈரம் காயாத வயலில் பெல்ட் வண்டிதான் இறங்கும் என்பதால், அறுவடை நேரத்தில் மழை பெய்துவிட்டால் எல்லா ஊரிலும் ஒரே நாளில் அதையே கேட்கிறார்கள். அப்போது இயந்திரம் பக்கத்து ஊரிலேயே இருந்தாலும், அதைத் தூக்கி வரும் லாரி கிடைக்காமல் கதிர் சாய்ந்து கிடக்கும். எந்த ஊரில் எந்த இயந்திரம் எப்போது வேலை முடிக்கிறது, அதைத் தூக்க எந்த லாரி அருகில் இருக்கிறது என்ற இரண்டையும் தெரிந்து வைத்திருப்பவர் விவசாயிக்குச் செய்யும் உதவி பெரியது.

ஆனால் இதில் கவனம் வேண்டும். ஏற்றி இறக்கும் சாய்வு மேடை உறுதியாக இருக்க வேண்டும், இயந்திரத்தைச் சங்கிலியால் நான்கு முனையிலும் பிணைக்க வேண்டும், லாரி மேல் நிற்கும் இயந்திரத்தின் உயரம் வழியிலுள்ள மின்கம்பிக்குக் கீழே அடங்க வேண்டும். இயந்திரத்தின் விலை ஒரு லோடு வைக்கோலைப் போன்றதன்று என்பதால், ஏற்றும் முன் அதன் எல்லாப் பக்கங்களையும் காணொளியாக எடுத்து இயந்திரக்காரர், லாரிக்காரர், தரகர் மூவரும் வைத்துக்கொள்வது அவசியம். இறக்கியபின் "இந்தக் கீறல் முன்பே இருந்ததா?" என்ற கேள்வி வராமல் இருக்காது.

பாமணியாறு (மன்னார்குடி)

வீரசோழன் அண்ணனுக்கு நன்றி. எங்கள் ஊரிலும் சென்ற அறுவடையில் இதே நிலையைப் பார்த்தேன்.

முதலாளியிடம் பேசிவிட்டேன். கடை நேரத்தில் பேசக் கூடாது என்ற நிபந்தனையோடு சம்மதித்துவிட்டார். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு எழுத்து மூலம் கேட்டு மனுவும் தயார் செய்துவிட்டேன், பதில் வரும்வரை எந்த லோடும் பேசப்போவதில்லை. முதலில், எங்கள் கடைக்கு வழக்கமாக உரம் கொண்டுவரும் லாரிகளுக்கு மட்டும், அவை திரும்பும் வழியிலேயே, வைக்கோலும் தேங்காயும் பேசலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். ஒவ்வொரு லோடுக்கும் சரக்குக்காரர், லாரிக்காரர் இருவருக்கும் ஒரே செய்தியாக அனுப்ப ஒரு குறிப்பு எழுதியிருக்கிறேன். திருத்தித் தர வேண்டுகிறேன்:

"வண்டி எண், உரிமையாளர் பெயர், ஓட்டுநர் எண். ஏற்றும் இடம், இறக்கும் இடம், சரக்கு, தோராய எடை. பேசிய வாடகை, இருவருக்கும் ஒன்றே. அட்வான்ஸும் பாக்கியும் சரக்குக்காரரிடமிருந்து நேராக உரிமையாளர் கணக்குக்கு. ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, டிராக்டர் வாடகை, சுங்கக் கட்டணம் யார் பொறுப்பு. காத்திருப்புக்கு நாள் ஒன்றுக்கு எவ்வளவு. எனது கமிஷன் எவ்வளவு, யார் தருவது. சரக்குச் சீட்டு தருபவர் யார். சரக்குக் காப்பீடு எடுக்கப்பட்டதா. அளவுக்கு மேல் பாரம் ஏற்றப்படாது."

கோரையாறு (திருத்துறைப்பூண்டி)

நன்றாக இருக்கிறது. காத்திருப்பு எந்த நேரத்திலிருந்து தொடங்குகிறது என்பதையும் எழுதுங்கள். வண்டி வந்து நின்றதும் ஓட்டுநர் ஏற்றும் இடத்திலிருந்து இருப்பிடத்தைப் பகிர்ந்தால், அந்த நேரமே கணக்கின் தொடக்கம் என்று இருக்கட்டும். இறக்கும் இடத்துக்கும் அதே முறையை எழுதிவிடுங்கள், கேரளத்தில் ஞாயிறன்று இறக்க ஆள் கிடைக்காமல் வண்டி நிற்பது உண்டு.

அரசலாறு (கும்பகோணம்)

ஒரு வரி விடுபட்டிருக்கிறது. இ-வே பில், அதாவது சரக்கோடு செல்ல வேண்டிய மின்னணு ஜிஎஸ்டி சீட்டு. தமிழ்நாட்டுக்குள் என்றால் சரக்கின் மதிப்பு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டும்போதும், வேறு மாநிலத்துக்கு என்றால் 50,000 ரூபாயைத் தாண்டும்போதும் அது தேவை. வரிவிலக்குள்ள விளைபொருள்கள் பலவற்றுக்கு அது வேண்டியதில்லை, ஆனால் தேங்காய் எண்ணெயோ சிமெண்டோ ஏற்றினால் கட்டாயம் பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர் என்ற கணக்கில்தான் அது செல்லுபடியாகும் என்பதால், வண்டி பழுதாகி நின்றால் காலக்கெடுவை நீட்டிக்கச் சரக்குக்காரருக்கு உடனே சொல்ல வேண்டும். "இ-வே பில் எண், காலாவதி நாள்" என்று குறிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குடமுருட்டி (தஞ்சாவூர்)

தங்கை, "தோராய எடை" என்பதை எடுத்துவிட்டு "எடை மேடைச் சீட்டின்படி" என்று மாற்றுங்கள். வைக்கோலுக்கு எடைக்குப் பதிலாகக் கட்டுகளின் எண்ணிக்கையை எழுதுங்கள், ஏற்றும் இடத்தில் ஓட்டுநரும் வியாபாரியின் ஆளும் சேர்ந்து எண்ணட்டும். கமிஷனை யார் தருவது என்பதற்குப் பக்கத்தில் எப்போது தருவது என்பதையும் எழுதிவிடுங்கள்: பாரம் ஏற்றி வண்டி கிளம்பிய அன்றே.

பாமணியாறு (மன்னார்குடி)

மூவரும் சொன்ன திருத்தங்களைச் சேர்த்துவிட்டேன். மனுவை நாளை காலை கடைக்குப் போகும் வழியில் அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கிக்கொள்கிறேன்.